குட்டி மெல்பாவும் கைக்கு எட்டாத டிராம்போனும்

குழந்தைகளுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் தேடினால் லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் என்று பழகிய பெயர்களே வந்து நிற்கும். அதனால்தான் ‘லிட்டில் மெல்பா அண்ட் ஹெர் பிக் டிராம்போன்’ கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன். எழுதியவர் கேத்தரின் ரஸ்ஸல்-பிரவுன், ஓவியம் ஃபிராங்க் மாரிசன். 2014-இல் வந்தது.

கதையின் நாயகி மெல்பா லிஸ்டன், டிராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகருவியை வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1926-இல் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். ஏழு வயதில் டிராம்போன்தான் வேண்டும் என்று நின்றார். வந்ததோ அவர் உயரத்துக்குப் பொருந்தாத கருவி. ஸ்லைடு என்ற நகரும் குழாயை இழுத்து ஏழு நிலைகளில் நிறுத்தித்தான் சுரம் பிடிக்க வேண்டும். கடைசி நிலைக்குப் பெரியவர்களே கையை முழுசாக நீட்டியாக வேண்டும். மாரிசன் வரையும் மனிதர்கள் எப்போதுமே நெட்டையாக, வளைந்து நெளிந்து இருப்பார்கள். அந்தப் பாணி இந்தக் கதைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. தலையைச் சாய்த்து, கையை எட்டிப்பிடிக்கும் மெல்பாவைப் பார்த்ததும் என் மகள் பக்கத்தைத் திருப்ப விடவில்லை. தன் கையை நீட்டி அளந்துகொண்டிருந்தாள்.

பாடகி பில்லி ஹாலிடேயுடன் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போகும் பகுதியில் தங்க அறை கிடைக்காமல் இசைக்குழு பேருந்திலேயே தூங்குகிறது. “காசு இருந்தும் ஏன் ரூம் தரல?” என்று மகள் கேட்டாள். புத்தகம் நிறவெறியை மென்மையாகத்தான் சொல்கிறது. மீதியை நாம்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கதை அங்கேயே நின்றுபோனது. பரவாயில்லை.

ஒரு குறை உண்டு. மெல்பாவின் பெரிய சாதனை வாசிப்பைவிட, மற்றவர்களுக்காக இசையை அமைத்துக்கொடுத்ததுதான் என்பேன். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவுக்கு எழுதினார். பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் 1960-ஆம் ஆண்டு ‘உஹுரு ஆஃப்ரிக்கா’ ஆல்பத்தில் எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதியவர் அவர்தான். 1985-இல் பக்கவாதம் வந்து டிராம்போனைப் பிடிக்க முடியாமல் போன பிறகும் கணினியின் உதவியோடு எழுதினார். காகிதத்தில் குனிந்து எழுதும் மெல்பாவுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம். டிராம்போன் பிரமாண்டமாகத் தெரிகிறது, பேனா தெரியவில்லை.

ஆறு வயதுக்கு மேல் தாராளமாக வாங்கலாம். பின்னுரையைப் பெரியவர்கள் முதலில் படித்துவிடுங்கள்; கேள்விகளுக்குக் கைகொடுக்கும். அப்புறம், 1958-இல் அவர் தன் பெயரில் பதிவுசெய்த ‘மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்’ ஆல்பத்தையும் தேடி எடுத்துப் போடுங்கள். சத்தமே கேட்காமல் ஜாஸ் புத்தகம் படிப்பது பாதிப் படிப்புதான்.