பேச்சு வராத பிள்ளைக்கு எந்தச் செயலி: ஆவாஸா, ஜெல்லோவா?

ஆட்டிசமோ பெருமூளை வாதமோ இருந்து பேச்சு வராத பிள்ளைகளுக்கு, படத்தைத் தொட்டால் அதைக் குரலில் சொல்லும் செயலிகள் இப்போது பல இருக்கின்றன. வெளிநாட்டு உறவினர்கள் முதலில் சொல்வது புரோலோகுவோ2கோவைத்தான். நல்ல செயலி, ஆனால் ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே ஓடும், விலை சுமார் 250 டாலர், தமிழும் கிடையாது. அம்மாவும் பாட்டியும் தமிழில் பேச, கையிலிருக்கும் திரை இங்கிலீஷில் பேசினால் பிள்ளை எதைக் கேட்டு எதைத் தொடும்? நம் வீடுகளுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தமிழ் பேசுபவற்றில் இரண்டை இங்கே பார்ப்போம். ஆவாஸ் சென்னையில் பிறந்தது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் அதை முதலில் தனிக் கருவியாகவே செய்தார், செயலியானது அப்புறம்தான். ஜெல்லோ ஐஐடி பம்பாயின் வடிவமைப்புத் துறையில் உருவானது, முழுக்க இலவசம். ஆவாஸுக்குப் பணம் கட்ட வேண்டும், சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஆனால் விலையை விடப் பெரிய வித்தியாசம், வாக்கியம் எப்படி உருவாகிறது என்பதில் இருக்கிறது. ஜெல்லோவில் சாப்பாட்டுப் படத்தைத் தொட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் 'பிடிக்கும்', 'வேண்டாம்', 'இன்னும்' மாதிரியான பொத்தான் ஒன்றை அழுத்தினால் முழு வாக்கியமாகவே பேசிவிடும். இரண்டே தொடுதல், வேலை முடிந்தது. ஆவாஸில் பிள்ளைதான் சொற்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். இது கடினம், அதிலும் தமிழில் இன்னும் கடினம், ஏனென்றால் வேற்றுமை உருபு இல்லாமல் நாம் அதிகம் பேசுவதில்லை. நான், தண்ணீர், வேண்டும் என்று மூன்று படத்தைத் தொட்டால் வருவது தமிழ் வாக்கியம் இல்லை. அதனால் எனக்கு, என்னை, வீட்டுக்கு, கடையிலிருந்து என்று அன்றாடம் புழங்கும் வடிவங்களுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட்டும் நான் ஆவாஸ் பக்கம்தான். ஜெல்லோ தரும் வாக்கியங்கள் பெரும்பாலும் தேவையைச் சொல்ல உதவும், ஆனால் ஒரு பிள்ளைக்குக் கேட்க மட்டுமா வாய் வேண்டும்? கோபப்பட, கிண்டல் செய்ய, 'அண்ணன் என்னை அடித்தான்' என்று போட்டுக்கொடுக்கவும் வேண்டும். அதற்குச் சொற்களைத் தானே கோர்க்கும் வசதி தேவை. ஆவாஸில் சொற்கள் படிப்படியாகக் கூடும் நிலைகளாகவும் இருப்பதால் பிள்ளை வளர வளர அதுவும் கூட வரும்.

பணம் இல்லாத வீடு, திரையையே இதுவரை தொடாத பிள்ளை, இவர்களுக்கு ஜெல்லோ தாராளமாகப் போதும், இன்றே தொடங்கலாம். ஒன்றும் இல்லாமல் ஒரு வருடம் காத்திருப்பதுதான் மோசம். செயலி கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு: இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பேச்சு குறைந்ததாகக் காணவில்லை, பல பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடவே செய்திருக்கிறது.

எதை எடுத்தாலும் பொத்தான்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், பிள்ளையின் விரல் இடத்தைத்தான் ஞாபகம் வைக்கிறது. அப்புறம், நீங்களும் பேசும்போது அதே படங்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பேசுங்கள்.