கார் லீஸா, லோனா? கடலூரில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

தம்பிக்கு வேலை புதுச்சேரி சேதராப்பட்டில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். குழந்தை பிறந்த நாளிலிருந்து கார் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி சமயத்தில் அவன் கம்பெனியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கார் லீஸ் திட்டத்தை அறிவித்தார்கள். "அக்கா, சம்பளப் பட்டியல் போடுறவ நீதானே. லோனா, லீஸா, நீயே சொல்லு" என்று வந்து நின்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே கேள்வியை அலுவலகத்திலும் பலர் கேட்பதால் இங்கே எழுதுகிறேன்.

லீஸில் கார் உங்களுடையது அல்ல. லீஸ் நிறுவனம் வாங்கி உங்கள் கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறது. கம்பெனி அதை உங்களிடம் ஓட்டத் தருகிறது. வாடகை, வரி கணக்கிடுவதற்கு முன்பே உங்கள் கிராஸ் சம்பளத்திலிருந்து (பிடித்தம் எதுவும் போகாத மொத்தச் சம்பளம்) போய்விடும். பெட்ரோல், சர்வீஸ் பில்லும் அதே வழியில் போகலாம். அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடும் காராக இருந்தால், அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைச் சலுகை மதிப்பாகச் சேர்த்து வரி போடுவார்கள். 2025-26 நிதியாண்டில் 1.6 லிட்டர் வரையுள்ள என்ஜினுக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டிரைவரும் இருந்தால் கூடுதலாக 900. லாபம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இது செல்லும்.

எங்கள் கணக்குக்கு ஆன்ரோடு 10 லட்சம் ரூபாய் காரை எடுத்துக்கொண்டோம். முழுத் தொகைக்கும் 9 சதவீத வட்டியில் 4 வருட லோன் என்றால் இஎம்ஐ சுமார் 24,885, மொத்தம் 11.94 லட்சம். லீஸுக்கு ஜிஎஸ்டி உட்பட மாதம் 25,000, கடைசியில் காரை நாமே வைத்துக்கொள்ள 2 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 14 லட்சம். இன்சூரன்ஸ் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டோம். அதாவது லீஸ் 2.06 லட்சம் அதிகம். லீஸ் வாடகைக்கும் காருக்கு உள்ள அதே ஜிஎஸ்டி உண்டு (2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம்). வாடகைக்குள் வட்டியும் அடங்கியிருப்பதால் அந்த வட்டிக்கும் சேர்த்து ஜிஎஸ்டி கட்டுகிறோம். இந்த 2.06 லட்சத்தை வரிச் சேமிப்பு தாண்டுமா என்பதுதான் கேள்வி.

வருடத்துக்கு வாடகை 3 லட்சம், பெட்ரோலும் சர்வீஸும் 72,000. சலுகை மதிப்பு 21,600-ஐக் கழித்தால், வரிக்குரிய வருமானம் 3,50,400 குறைகிறது. சம்பளம் 29 லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31.2 சதவீதம் என்றால், வருடம் 1.09 லட்சம் மிச்சம். 4 வருடத்தில் 4.37 லட்சம். அவர்கள் யோசிக்கவே வேண்டாம், லீஸ் எடுக்கலாம்.

நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அந்தச் சம்பளம் எத்தனை பேருக்கு இருக்கிறது? புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? அவருக்கு லீஸ் என்பது நேராக 2 லட்சம் நஷ்டம். "வரி மிச்சம்" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் இருப்பவர்கள்தான் தம்பி மாதிரி ஆட்கள். அவன் கிராஸ் 15.5 லட்சம். வரி போடும் முன் சம்பளக்காரர் எல்லோருக்கும் கழிக்கும் நிலையான கழிவு 75,000 போக 14.75 லட்சம், வரி 1,05,300. லீஸ் எடுத்தால் வரிக்குரிய வருமானம் 11.25 லட்சத்துக்குக் கீழே வந்துவிடும். 12 லட்சத்துக்குள் வந்துவிட்டால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். 15 சதவீத வரம்பில் இருப்பவனுக்கு, 30 சதவீதக்காரருக்குக் கிடைக்கும் அளவு மிச்சம்! முதலில் நானே நம்பாமல் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

ஆனால் இது நிலைக்காது. இந்த லாபம் முழுதாகக் கிடைப்பது சம்பளம் சுமார் 16.25 லட்சம் வரைதான். சம்பள உயர்வு வந்து 17 லட்சம் ஆனால் மிச்சம் 56,000-க்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் 4 வருடம் ஓட்டினால் 2.24 லட்சம்; கூடுதல் செலவு 2.06 லட்சம். கைக்கு எதுவும் நிற்காது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வேறு. நான்கு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, சலுகை மதிப்பு நான்கு வருடமும் 1,800 ஆகவே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

வேலையை விட்டால்? லீஸின் பெரிய ஆபத்து இங்கேதான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 14-ஆவது மாதத்தில் ராஜினாமா செய்தார். புதிய கம்பெனியில் லீஸ் வசதி இல்லை. மீதித் தொகையும் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் அவருடைய கடைசிக் கணக்கில் பிடித்தார்கள். கையில் வரவேண்டியது போய், கட்ட வேண்டியதாக ஆனது. லோனில் இந்தத் தலைவலி கிடையாது. வேலை மாறினாலும் இஎம்ஐ அதே இஎம்ஐதான், கார் வாசலில் நிற்கும்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் முழுகி கார் முற்றிலும் வீணானால், இன்சூரன்ஸ் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். குறைவதை நீங்கள் கட்ட வேண்டும். லீஸோ லோனோ, என்ஜின் பாதுகாப்பும், கார் வாங்கிய பில் தொகையைத் திருப்பித் தரும் பாதுகாப்பும் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். லீஸில் பாலிசியை அவர்களே போட்டுவிடுவதால், கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று நம்பர் பிளேட். புதுச்சேரி கம்பெனி வழியாக லீஸ் எடுத்தால் PY என்று வரலாம், சாலை வரி குறைவு என்று ஆசை வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் உயர்வுக்குப் பிறகு 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம் என்பதால் அந்த ஆசை நியாயமானதும்கூட. ஆனால் கார் நிற்பது மஞ்சக்குப்பத்தில். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதை மிச்சமாக எழுதாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கார் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்; அலுவலக வேலைக்கும் ஓடுகிறது என்றால் பெட்ரோல், சர்வீஸ் செலவைக் கம்பெனி திருப்பித் தரலாம். அதில் 2025-26 நிதியாண்டில் மாதம் அதே 1,800 வரை வரி இல்லை. மிச்சம் சின்னதுதான், ஆனால் ஒப்பந்தம் இல்லை, அபராதம் இல்லை. உங்கள் எச்ஆரிடம் இது உண்டா என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

தம்பிக்கு அடுத்த வருடம் சென்னைக்கு மாறும் எண்ணம் இருக்கிறது. வீட்டு லோனுக்கும் விண்ணப்பிக்கப் போகிறான். லீஸ் பிடித்தம் போன சம்பளச் சீட்டைப் பார்த்தால் வங்கி தொகையைக் குறைத்துவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல், அங்கேயே நான்கு வருடம் இருப்பேன் என்று அவன் உறுதியாகச் சொல்லியிருந்தால் லீஸ்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். 3 லட்சம் முன்பணம் கட்டி லோன் போட்டிருக்கிறோம். தை பிறந்ததும் டெலிவரி.