ரிப்பீட்டரா, கேபிளா? கீழக்கரைப் பழைய வீட்டில் வைஃபையோடு ஒரு மல்லுக்கட்டு

எங்கள் வீட்டில் ரவுட்டர் வாசல் அறையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் லேப்டாப்புக்கு 100 எம்பிபிஎஸ் பிளான் முழுசாக வரும். முற்றம் தாண்டி உள்ளறைக்குப் போனால் ஆறோ ஏழோதான். துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) வீடியோ காலில் வந்தால் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் கேட்கும். "கம்பெனிய மாத்துங்கடா" என்பார். கம்பெனி மேல் தப்பில்லை. நடுவில் நிற்பவை பவளக்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய இரண்டடிச் சுவர்கள் இரண்டு.

தங்கச்சி லேப்டாப்புக்கு வேறு நோய். ரவுட்டரை ஒட்டி வைத்தாலும் முப்பத்தைந்தைத் தாண்டாது. அதிலிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டை (அலைவரிசையை) மட்டுமே பிடிக்கிற பழைய வைஃபை கார்டு. அதனால் முதலில் ரவுட்டர் பக்கத்தில் வைத்து வேகம் பாருங்கள். அங்கேயே குறைந்தால் கோளாறு லேப்டாப்பிலோ லைனிலோ இருக்கும். அங்கே சரியாக வந்து அறையில் விழுந்தால் சுவர்.

காசில்லாத வழி, பேண்ட் மாற்றுவது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எங்கள் வீட்டில் இரண்டாவது சுவரோடு படுத்துவிடுகிறது. 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் நெருக்கமான தெருவில் எல்லார் வீட்டு ரவுட்டரும் அதில்தான் கத்துகின்றன. அந்த பேண்டுக்குள் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (உட்பாதைகள்) 1, 6, 11 மூன்றுதான். ரவுட்டர் தானாகச் சேனல் பிடிக்கும் ஆட்டோ செட்டிங்கை எடுத்துவிட்டு நான் 11-ல் நிறுத்தினேன். கொஞ்சம் தெளிந்தது, போதவில்லை.

கடையில் ரிப்பீட்டரை, அதாவது ரவுட்டர் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டியை, தலையில் கட்டினார்கள். சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும், வேகம் மட்டும் வராது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகம் என்றால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். உள்ளறையில் செருகினால் செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். வயரில்லா மெஷ் (தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபை தரும் பல பெட்டிகள்) இதைவிட நல்ல சாதனம், விலையும் அதிகம். ஆனால் அதுவும் அதே சுவரைத்தான் தாண்டியாக வேண்டும்.

தங்கச்சிக்கு 2.4, 5 இரண்டையும் பிடிக்கும் இரட்டை பேண்ட் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். ஒரு எச்சரிக்கை: யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை அதன் பக்கத்தில் செருகாதீர்கள். அது கிளப்பும் இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும். அவள் டிஸ்க்கைப் பிடுங்கினால் வைஃபை உயிர்பெற்றதை நானே பார்த்தேன்.

உள்ளறைக்கு என் ஓட்டு லேன் கேபிளுக்குத்தான். கேட் 5இ ரக கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும். மொட்டை மாடி வழியாக இழுத்து, மறுமுனையில் கிடப்பில் கிடந்த பழைய ரவுட்டரை மாட்டினேன். முதலில் அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க் முகவரியை) மாற்றி, மற்ற கருவிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்தேன். கேபிளை இன்டர்நெட் லைனுக்கான வான் (WAN) துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகினேன். இப்போது உள்ளறைக்கென்று தனி வைஃபை.

ஆனால் இது உப்புக்காற்று ஊர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் கடந்ததும் திடீரென்று வேகம் இறங்கியது. கடல் பக்கத்து முனையைக் கழற்றினால் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பின்கள் பச்சை பூத்திருந்தன. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், ஒன்று போனாலும் இறங்கிவிடும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிள் இங்கே இன்னும் சீக்கிரம் கெடும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள், மாடியில் நடுவே இணைப்புப் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். முனையில் ஒரு முழம் சுருட்டி விட்டிருந்ததால் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட முடிந்தது. இல்லையென்றால் மறுபடி மாடியேறியிருக்க வேண்டும்.