ஷேல் மண்ணைக் கொண்டுபோவதானால் சல்பேற் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்

இரத்மலானைப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் மண் ஆய்வுகூடத்தைப் பற்றி. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். அவர்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் கொழும்புக் கட்டடங்களின் அத்திவாரம்தான். கபுக் (லேட்டரைட் என்கிற செம்மண் கல்), சதுப்பு மண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். நாங்கள் ஒரு றோட்டு வேலைக்காகக் கொண்டுபோனது ஷேல், அதாவது களி இறுகி ஏடேடாக உருவான கல். இலங்கையில் பெரும்பகுதி பழைய உருமாறிய பாறை என்பதால் இது அபூர்வம், புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பக்கம் ஜுராசிக் காலத்துப் படிவுகளில் அகப்படும். வெட்டும்போது கல் மாதிரித்தான் இருக்கும், நாலு மழையும் வெயிலும் பட்டால் ஏடேடாகக் கழன்று களியாகிவிடும்.

வேலை சுத்தம். சிபிஆர் (றோட்டின் அடிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற சோதனை) மாதிரியை 4 நாள் முழுசாகத் தண்ணீரில் ஊறவைத்து வீக்கத்தையும் அளந்தார்கள், சில இடங்களில் இதையே சுருக்கிவிடுவார்கள். களியைக் கெட்டியாக்க எவ்வளவு சுண்ணாம்பு கலக்க வேண்டும் என்பதற்கான பிஎச் (காரத்தன்மை) சோதனையும் அப்படித்தான்: 25 கிராம் மண், 100 மில்லிலீற்றர் தண்ணீர், ஒவ்வொரு போத்தலிலும் வெவ்வேறு விகிதச் சுண்ணாம்பு, ஒரு மணித்தியாலம் கழித்து எந்தக் குறைந்த விகிதத்தில் பிஎச் 12.4 வருகிறது என்று பார்ப்பது. நாங்கள் கொடுத்த சுண்ணாம்பில் எந்தப் போத்தலும் அந்த அளவைத் தொடவில்லை. "அண்ணா, இது திறந்து வைத்த பை போல, காற்றுப் பட்டிருக்கு, புதுசா ஒன்று கொண்டு வாங்கோ" என்றார் அங்கே வேலை செய்கிற தங்கச்சி. காற்றிலிருக்கிற காபனீரொட்சைட்டோடு சேர்ந்து திரும்பவும் கல்சியம் காபனேற்றாகிவிட்ட சுண்ணாம்பு களியோடு வேலை செய்யாது. அதைக் கவனிக்காமல் ஏதோவொரு விகிதத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

இனிக் குறை. ஷேலையும் கபுக் மாதிரியே இடித்துச் சலித்து வைத்துவிட்டார்கள், ஆனால் அது எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது கட்டியாக இருக்கும்போதுதான் தெரியும். வலைச் சிலிண்டரில் போட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் சுழற்றிக் காயவைத்து, திரும்பவும் சுழற்றி, மிச்சத்தை நிறுக்கிற சோதனை அவர்களிடமே இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள். அதைவிட மோசம், சல்பேற் பார்க்காமலே "சுண்ணாம்பு 5%" என்று றிப்போட்டை அடித்துவிட்டார்கள்! சில ஷேலில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும், காற்றும் ஈரமும் பட்டால் அது சல்பேற்றாகும், அந்தச் சல்பேற் சுண்ணாம்போடும் களியிலிருக்கிற அலுமினாவோடும் தண்ணீரோடும் சேர்ந்தால் எட்ரிங்கைற் என்ற படிகம் உருவாகி மண் ஊதும், போட்ட றோட்டு மேலே எழும்பும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஸ்டூவர்ட் அவெனியூ என்ற றோட்டுக்கு நடந்தது இதுதான். பொதுவாகச் சல்பேற் 3000 பிபிஎம்முக்குக் (பத்து இலட்சத்தில் 3000 பங்கு) கீழே என்றால் பெரிய பயமில்லை, 8000 தாண்டினால் சுண்ணாம்பை மறந்துவிட்டு வேறு வழி தேட வேண்டும். சீமெந்துக்கு மாறினால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம், அதிலும் கல்சியம் இருக்கிறதே.

நாங்கள் சத்தம் போட்ட பிறகு மாதிரியை வெளியே அனுப்பிப் பார்த்துத் தந்தார்கள், செலவு எங்கள் தலையில். எண் குறைவாகத்தான் வந்தது. றிப்போட்டில் ஒரு பந்தி இந்த மண்ணைக் கபுக் என்றே வர்ணிக்கிறது, பழைய றிப்போட்டிலிருந்து அப்படியே ஒட்டியது போலும், அதையும் திருத்தி வாங்க வேண்டியிருந்தது.

கட்டணம் மற்ற இடங்களைவிடக் குறைவு. ஐந்து நட்சத்திரத்தில் மூன்று கொடுக்கலாம், அதில் ஒன்று அந்தத் தங்கச்சிக்கு. மாதிரியைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டிக் காலையிலேயே கொண்டுபோங்கள், பின்னேரம் காலி வீதியில் லொறி நகராது.