வெளிநாடு போனபின் ஊர் நம்பர்: கையோடு கொண்டுபோவதா, வீட்டில் விட்டுவிட்டு வருவதா?

ஜெர்மனிக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஜெர்மன் சிம்மைப் பற்றித்தான். உண்மையில் அது சின்ன வேலை. பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டுக்கும் அது கட்டாயம். அதைத் தாண்டினால் ஆல்டி மளிகைக்கடையில்கூட சிம் வாங்கிக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். தலைவலி முழுக்க ஊர் நம்பரில்தான் இருக்கிறது. ஆதார், வங்கி, பி.எஃப்., பான், வாட்ஸ்அப் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து இலக்கத்தை என்ன செய்வது என்று விமானம் ஏறுகிற வாரம் வரை யாரும் யோசிப்பதில்லை.

வழிகள் நான்கு. ப்ரீபெய்டு சிம்மைக் கையோடு கொண்டுவந்து வருடத்துக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்வது, சிம்மை ஊரில் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு வருவது, போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுவது, ஊர் நம்பரையே விட்டுவிட்டு எல்லா இடத்திலும் வெளிநாட்டு நம்பரைக் கொடுப்பது. என் நம்பரை நான் கையோடு கொண்டுவந்தேன். மனைவியின் நம்பரை ஈரோட்டில் அவருடைய அம்மாவிடம் ஒரு பழைய போனில் போட்டுவிட்டு வந்தோம். அதனால் முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. இப்போது இரண்டு நம்பரும் எங்களோடு இங்கேதான் இருக்கின்றன. நான் எந்தப் பக்கம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் விட்டுவிட்டு வருவதில் ஒரு வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ரோமிங் பிரச்சினை கிடையாது, உறவினர்கள் பழைய நம்பருக்குக் கூப்பிட்டால் யாராவது எடுத்துப் பேசுவார்கள், ரீசார்ஜைத் தெருமுனைக் கடையிலேயே முடித்துவிடலாம். ஆனால் ஓடிபி என்று வந்துவிட்டால் நிலைமையே வேறு. குளிர்காலத்தில் இங்கேயும் அங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். நாங்கள் வேலை முடித்து உட்காரும்போது அங்கே இரவு பதினொன்று ஆகியிருக்கும். மனைவி கூப்பிட்டு, "அம்மா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்பார். "மூணு மெசேஜ் வந்திருக்குது கண்ணு, எதைப் படிக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அத்தை முதலில் தொகையைப் படிப்பார், அப்புறம் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிப்பார், ஓடிபிக்கு வரும்போது திரையில் நேரம் முடிந்திருக்கும். ஒருமுறை, "இதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குது, சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்தியது. ஓடிபியைப் போனில் கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கி, போலீஸ், செய்தி எல்லாம் வயதானவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாமோ வாரா வாரம் போன் போட்டு, அதைப் படித்துச் சொல்லும் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்துகிறோம். நாளைக்கு வேறு யாராவது அவசரக் குரலில் கேட்டாலும் அதே கை அதே மெசேஜைத்தான் திறக்கும். எஸ்எம்எஸ்ஸைத் தானாக நமக்கு அனுப்பிவைக்கும் செயலிகள் இருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். வங்கி ஓடிபி முழுவதும் முன்பின் தெரியாத ஒருவருடைய செயலி வழியாகப் போவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மாதிரியான செயலிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் செயலி வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சிம் ஈரோட்டிலும் அதே நம்பரின் வாட்ஸ்அப் ஜெர்மனியிலும் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கையோடு கொண்டுவருவது. 2024 வரை இதைச் சிபாரிசு செய்ய எனக்கே தயக்கமாக இருந்திருக்கும். அந்த ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு ஏர்டெல்லில் 28 நாளுக்குக் குறைந்தபட்சம் 199 ரூபாய், வருடத்துக்குப் பதின்மூன்று முறை. இங்கே தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு. 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு உதவியது. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றை எல்லாக் கம்பெனியும் கொடுக்க வேண்டும் என்றது, அப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்களுக்கு 90 நாள் என்று இருந்த உச்சவரம்பை 365 நாளாக்கியது. 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 1849 ரூபாய்க்கு 365 நாள் என்றும், ஜியோ 1748 ரூபாய்க்கு 336 நாள் என்றும் திட்டம் போட்டன. விலை மாறிக்கொண்டே இருக்கும், அவரவர் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 336 நாள் என்பது ஒரு வருடம் இல்லை என்பதை மறக்காதீர்கள். இந்த வருடம் ஜூனில் போட்டால் அடுத்தது மே, அதற்கடுத்தது ஏப்ரல் என்று முடியும் தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

நான் இவ்வளவு தேதி பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, இந்த ஒப்பீட்டையே முடிவு செய்வதும் அதுதான். ஊர் நம்பரில் பிரச்சினை பணம் இல்லை, பராமரிப்பு. வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் இங்கே கிட்டத்தட்ட இருபது யூரோ, குடும்பத்தோடு ஒருமுறை வெளியில் சாப்பிட்டாலே அதைவிட அதிகம் ஆகும். ஆனால் வேலிடிட்டி முடிந்ததைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் வெளியே கூப்பிடுவது நிற்கும், கொஞ்ச நாளில் உள்ளே வருவதும் நிற்கும். அந்த நேரத்தில் ரீசார்ஜ் செய்ய உட்கார்ந்தால், இந்திய டெபிட் கார்டும் நெட்பேங்கிங்கும் ஓடிபி கேட்கும். ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? நின்றுபோன அதே நம்பருக்கு. ஜெர்மன் கார்டைப் போட்டால் பல ரீசார்ஜ் பக்கங்கள் ஏற்பதே இல்லை. ஊரில் இருக்கும் தம்பியோ நண்பனோ யூபிஐயில் போட்டுவிட்டால் பிழைத்தோம், யார் நம்பருக்கு யார் வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம் என்பது பெரிய நிம்மதி. அப்போதும் கவனிக்கவில்லை என்றால் இணைப்பு துண்டிக்கப்பட்டு, அதற்குப் பின் 90 நாள் கழிந்தால் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இதுபற்றி ஒரு வழக்கு வந்தபோது டிராய் சொன்ன கணக்கு இதுதான்.

வேறொருவர் கைக்குப் போனபின் நம் வங்கியிலிருந்து வரும் மெசேஜ் அவருக்குப் போகும். ஆதார் ஓடிபியும் அவருக்குத்தான். வாட்ஸ்அப் கணக்கு 45 நாள் சும்மா கிடந்து, அதே நம்பரை வேறு போனில் ஒருவர் பதிந்தால் பழைய கணக்கின் தகவல்களை வாட்ஸ்அப் அழித்துவிடும். அது ஒருவகையில் நல்லதுதான். வங்கியும் ஆதாரும் அப்படித் தானாக எதையும் துண்டிப்பதில்லை. நாம்தான் போய் மாற்ற வேண்டும், ஆதாரில் நம்பர் மாற்றுவதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைப்பது. ஒரு இருபது யூரோவை மறந்ததற்கு ஒரு விமான டிக்கெட்.

அதனால் நான் எந்த வழியையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: நம்பர் நின்றுபோனால் முதலில் யாருக்குத் தெரியும்? சிம் என் போனில் இருந்தால் மேலே நெட்வொர்க் கோடு காணாமல் போவது எனக்குத்தான் தெரியும், முடியப்போகிறது என்ற மெசேஜும் எனக்குத்தான் வரும். ஈரோட்டில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் போனில் வந்தால், அது சார்ஜில் இருந்தாலே அதிர்ஷ்டம்.

இருபது ரூபாய் இருப்பு வைத்திருந்தால் போதும், நம்பர் போகாது என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று விதி இருப்பது உண்மை. அது எண்ணைப் பறிக்காமல் இருப்பதைப் பற்றிய விதி. வேலிடிட்டி முடிந்த சிம்முக்கு ஓடிபி வரும் என்று அது எங்கும் சொல்லவில்லை. அதை நம்பி ரீசார்ஜைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையோடு கொண்டுவருகிறவர்கள் ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. இன்டர்நேஷனல் ரோமிங்கை அங்கேயே ஆன் செய்துவிடுங்கள். பேக் எதுவும் போட வேண்டாம், எனக்கு எஸ்எம்எஸ் வருவதற்குக் காசு பிடிப்பதில்லை. டேட்டா ரோமிங்கை மட்டும் அந்த சிம்முக்கு அணைத்து வையுங்கள், யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள், எடுத்தால் ரோமிங் கட்டணம். இ-சிம்மாக, அதாவது போனுக்குள்ளேயே பதியும் அட்டையில்லாத சிம்மாக மாற்றுவதும் ஊரிலேயே முடிய வேண்டும், அதை உறுதிசெய்ய எஸ்எம்எஸ், அழைப்பு என்று வரும், இங்கிருந்து அது ஒழுங்காக நடக்காது. அமெரிக்கா போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அங்கே விற்கும் ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது. மெயின் பேலன்ஸில் ஒரு நூறு ரூபாயாவது இருக்கட்டும். புதுப் போனில் யூபிஐ செயலியைப் பதியும்போது அது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், ஐபோனில் ஐமெசேஜும் அதையேதான் செய்யும், ரோமிங்கில் இருக்கும்போது அதற்குக் காசு வேண்டும்.

குறையும் இருக்கிறது. சில நாள் ஓடிபி வரவே வராது. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, கையால் வேறொரு ஜெர்மன் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்.

போஸ்ட்பெய்டை நான் பயன்படுத்தியதில்லை, கூட வேலை செய்யும் நண்பர் வைத்திருக்கிறார். வேலிடிட்டி என்ற பேச்சே இல்லை, வங்கிக் கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும், மறதிக்காரர்களுக்கு நல்லது. ஆனால் ஏர்டெல்லில் 449 ரூபாய்த் திட்டம் 18 சதவீத வரியோடு வருடத்துக்கு 6,300 ரூபாயைத் தாண்டிவிடும், வருட ரீசார்ஜைவிட மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் கார்டு காலாவதியானால் பில் பாக்கி ஏறும், அதையும் யாராவது கவனிக்கத்தான் வேண்டும். பிஎஸ்என்எல்லுக்கு மாறினால் மலிவு என்று பலர் சொல்கிறார்கள், ஊரில் இருப்பவர்களுக்கு அது சரிதான். ரோமிங்கில் ஓடிபி தடையில்லாமல் வருகிறது என்று என்னிடம் உறுதியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை, ஆகவே சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஊர் நம்பரை முழுதாக விட்டுவிடுவது எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்குகளுக்கு வெளிநாட்டு நம்பரை ஏற்கும் வங்கிகள் நிறைய, சில வங்கிகள் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும். 2023 ஜனவரியில் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ வெளிநாட்டு நம்பரோடு யூபிஐ பயன்படுத்தப் பத்து நாடுகளைச் சேர்த்தது: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவுதி, அமீரகம், பிரிட்டன். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு இது நல்ல வசதி. அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை, ஆகவே எங்களுக்கு அதில் பயன் இல்லை. பட்டியலில் உள்ள நாடாக இருந்தாலும் ஆதார் ஓடிபி வெளிநாட்டு நம்பருக்குப் போகாது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து 30 நாளுக்குள் சரிபார்க்க நெட்பேங்கிங் வழி இருக்கிறது, சமாளித்துவிடலாம். பி.எஃப். பணத்தை ஆன்லைனில் எடுக்க ஆதார் ஓடிபிதான்.

குடியுரிமை மாறி, பி.எஃப். எடுத்து, கணக்குகளையும் மூடிவிட்டவர்கள் தாராளமாக நம்பரை விடலாம். விடுவதற்கு முன், நம்பர் உயிரோடு இருக்கும்போதே, வங்கி, டீமேட், காப்பீடு, மின்னஞ்சலின் மீட்பு எண் என்று ஒவ்வொன்றிலும் உள்ளே போய் மாற்றிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்ற வசதியால் புது நம்பருக்குக் கணக்கைக் கொண்டுபோங்கள். பழைய நம்பருக்கு வரும் மெசேஜ்களை அப்புறமும் இரண்டு மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருங்கள், எங்கேயோ மறந்துபோன ஒரு காப்பீட்டு பாலிசியின் பிரீமிய நினைவூட்டல் அப்போதுதான் வரும்.