சிந்துகோஷ், சிஷுமார், கல்வரி: நம் கடற்படையின் மூன்று டீசல் நீர்மூழ்கி ரகங்கள்

"தண்ணிக்கு அடியில போறதுக்கு என்னாத்துக்குடா டீசலு?" காசிமேட்டில் விடியற்காலை விசைப்படகுகள் கிளம்பும் சத்தத்துக்கு நடுவே சித்தப்பா கத்திக் கேட்டார். சரியான கேள்வி. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அதனால் அடியில் ஓட்டுவது பேட்டரிதான். கல்வரியில் 360 செல்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. மொத்தம் 270 டன். சார்ஜ் குறைந்தால் ஸ்நார்க்கல் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி, எஞ்சினை ஓட்டி ஏற்ற வேண்டும். எதிரியிடம் மாட்டிக்கொள்ளும் நேரம் அதுதான்: எஞ்சின் சத்தம் கேட்கும், குழாய் ரேடாரில் தெரியலாம்.

சிந்துகோஷ் ரகம் ரஷ்யாவின் 'கிலோ' என்ற நீர்மூழ்கி வடிவமைப்பு. 1986 முதல் 2000 வரை பத்து வாங்கினோம். மூழ்கிய நிலையில் 3,000 டன்னுக்கு மேல். மூன்றில் இதுதான் பெரியது. மறுசீரமைப்பில் இவற்றில் பலவற்றுக்குப் பொருத்திய கிளப் ஏவுகணை 200 கிலோமீட்டரைத் தாண்டும். கல்வரியின் எக்ஸோசெட்டோ ஏறக்குறைய 50 தான். ஆனால் கிலோக்களுக்கு வயதாகிவிட்டது. 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் நின்றிருந்த இதே ரகத்துச் சிந்துரக்ஷக்கில் வெடித்த ஆயுதங்கள் 18 பேரைக் கொண்டுபோனதை இன்னும் மறக்க முடியவில்லை.

கல்வரி பிரான்ஸின் ஸ்கார்பீன் வடிவமைப்பு, மும்பை மசகான் டாக்கில் கட்டியது. 2005இல் ஒப்பந்தம் போட்டும் முதல் கப்பல் 2017 டிசம்பரில்தான் படையில் சேர்ந்தது, ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில். மூழ்கினால் 1,775 டன். சிறிய உடல், புதிய சோனார் (ஒலியால் தேடும் கருவி), குறைந்த சத்தம். ஒளிந்திருந்து அடிக்க வேண்டுமென்றால் என் கை இதைத்தான் காட்டும்.

"அதெல்லாம் சரி. நம்ம வூட்டுப் புள்ள ஒண்ணு போவுதுன்னா, எதுல ஏத்துவ?"

அப்படிக் கேட்டால் நான் சொல்வது சிஷுமார். ஜெர்மன் வடிவமைப்பு, நான்கில் இரண்டு கீல் நகரில் கட்டியவை, இரண்டு மும்பையில். பழசுதான், 1986இல் வந்தது. ஆனால் கப்பலின் உடலுக்குள்ளேயே ஓர் இரும்பு உருண்டை வைத்திருக்கிறார்கள். கப்பல் மேலே வர முடியாமல் போனால் உள்ளே இருக்கும் 40 பேரும் அதில் ஏறிக் கதவை மூடிக்கொள்ளலாம். கழற்றிவிட்டால் தானாக மிதந்து மேலே வரும். எட்டு மணி நேரத்துக்குக் காற்றும் உண்டு. மற்ற இரண்டிலும் இப்படி ஒன்று இல்லை. உள்ளே சிக்கியவர்கள் பெரும்பாலும் மீட்பு வாகனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2018 முதல் அது நம்மிடம் இருக்கிறது, மும்பையில் ஒன்று, விசாகப்பட்டினத்தில் ஒன்று.

அடிக்கடி மேலே வந்து காற்று இழுக்கும் தொல்லையைக் குறைக்க பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் எரிகலன் அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கல்வரி ரகத்தில் அதைப் பொருத்த 2024 டிசம்பரில் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. இதைச் சொன்னபோது சித்தப்பா வலையை உதறிக்கொண்டே கேட்டார்:

"அந்த உருண்டைய மட்டும் ஏண்டா புதுசுல வைக்காம வுட்டானுங்க?"