கொடைக்கானல் பாதரச மண்: 20 மில்லிகிராமா, 1 மில்லிகிராமா?

கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001ல் மூடப்பட்டது. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பிரித்து எடுத்து வரப்பட்ட ஆலை அது. பிறகு இந்துஸ்தான் யூனிலீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கழிவு 290 டன் 2003ல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மண்ணில் இறங்கிய பாதரசம் இங்கேயே தங்கிவிட்டது.

அந்த மண்ணை என்ன செய்யலாம்? மேலே களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடிவிடுவது ஒரு வழி. செலவு குறைவு. ஆனால் இது மலைச்சரிவு, மழை கொட்டும் இடம். விரிப்பு எங்கே கிழிந்தாலும் நீர் உள்ளே போய்க் கீழ்ப்பக்கமாகக் கசியும். இதை நான் யோசிக்காமலே தள்ளிவிடுவேன்.

தோண்டி லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவது இன்னொன்று. கொடைக்கானலுக்கு நிம்மதிதான். ஆனால் மலையின் விஷத்தை சமவெளியில் இருக்கும் இன்னொரு ஊரின் தலையில் இறக்குவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, அங்கேயே மண்ணைக் கழுவுவது. பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரில் அலசிச் சலித்தால் சல்லியும் பருமணலும் தனியே வந்துவிடும். மிஞ்சும் சேற்றை மூடிய உலையில் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும், அதைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பாதரசம் கொதிப்பது 357 டிகிரியில் என்பதால் தொழில்நுட்ப ரீதியாக இது எட்டாத காரியம் இல்லை. கொடைக்கானலுக்குத் தேர்வானதும் இந்த முறைதான். சரியான தேர்வு.

உண்மையான சண்டை, எவ்வளவு சுத்தம் என்பதில்தான். இங்கே ஏற்கப்பட்ட இலக்கு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009ல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளில், தனிமப் பாதரசத்துக்கு, அதாவது வேறு எதோடும் சேராத பாதரசத்துக்கு, வீட்டுமனையில் 1, வணிக நிலத்தில் 26. அதாவது 20 என்பது கடை, ஆபீஸ் கட்டும் நிலத்துக்கு நெருங்கிய எண்; குழந்தை தவழும் வீட்டுக்கு உரியது அல்ல.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். அதே பட்டியலில், உப்பாக மாறிவிட்ட கனிமப் பாதரசத்துக்கு வீட்டுமனை அளவு 170. மண்ணில் கிடக்கும் பாதரசம் காலப்போக்கில் உருமாறும் என்பதும் உண்மை. ஆகவே மொத்தப் பாதரசத்தை மட்டும் அளந்தால் போதாது, எந்த வடிவில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் அந்த மண்ணின் மேல் வாழும் மனிதரை வைத்துப் போட்டவை. கீழே இருக்கும் தண்ணீர் அதில் கணக்கில் இல்லை. ஆலையை ஒட்டி பாம்பாறு சோலைக்காடு. அந்த ஆறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து சமவெளிக்குப் போகிறது. நீரடி வண்டலில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற நச்சு வடிவமாக மாற்றும், அது மீனில் சேர்ந்துகொண்டே போகும். மழையில் அரித்துப் போகும் மண் 20க்குள் இருக்கிறது என்பது மீனுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

அப்புறம் மரங்கள். இலக்கைக் கடுமையாக்கினால் அதிகம் தோண்ட வேண்டும், மரம் போகும், சரிவு அரிக்கும் என்கிறார்கள். இந்தக் கவலை எனக்கும் உண்டு, சோலை மரங்கள் அவ்வளவு மெதுவாக வளர்பவை. ஆனால் அதற்கு இலக்கைத் தளர்த்துவது பதில் இல்லை. மரம் இல்லாத ஆலை வளாகத்தை 1க்குக் கொண்டுவரலாம். மரங்கள் நிற்கும் ஓரங்களில் வேரைக் காப்பாற்றிக் கையால் தோண்டி, கீழே வண்டல் தடுப்பு கட்டி, பல பருவங்களாகச் செய்யலாம். கூடுதல் செலவாகும்தான். அதை மாசுபடுத்தியவர் தர வேண்டும்.

எந்த எண்ணை எடுத்தாலும் அளக்கும் விதத்தில் அது பொய்த்துப் போகலாம். பத்து இடத்தில் மண் எடுக்கிறோம். ஒன்பதில் 2, ஒன்றில் 180 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 19.8. தாளில் தேர்ச்சி! சராசரியை விட்டு, நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண் கேட்க வேண்டும். ஒவ்வொரு சாம்பிளிலும் பாதி ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் லேபுக்குப் போக வேண்டும்.

எங்கே தோண்டுவது என்பதற்கு வரைபடம் மட்டும் போதாது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பாக 2016ல் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அவர்களில் நடக்க முடிந்தவர்களை வளாகத்துக்குள் கூட்டிப்போய்க் கேட்க வேண்டும்: எந்த அறையில் அதிகம் சிந்தியது, கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, உடைந்த கண்ணாடி எங்கே கிடந்தது என்று. முதல் சாம்பிள் அவர்கள் கைகாட்டும் இடத்தில் எடுக்கட்டும்.